பேய்ச் சேலையில் வைத்த மஞ்சள்

நம் தோட்டத்துத் திடலில் சாக்கு விரித்து, முன்னால் உட்கார்ந்தவன் தலையைத் திட்டிக்கொண்டே படம் பார்த்த நண்பர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பேய்ப் படங்களில் நாம் யாராக இருந்தோம்?

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் கேட்கிறேன். இப்போது வீட்டுக்கு வீடு வீடியோ வந்துவிட்டது. குருண் டவுனில் கேசட் வாடகைக்குக் கொடுக்கிற கடைக்குப் போனபோது பழைய பேய்ப் படங்களை மட்டும் தனியாக ஒரு வரிசை அடுக்கியிருந்தார்கள். ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் நம் திடலுக்கு வந்தவைதான். இங்கிலீஷ் படத்துப் பேய் கறுப்புக் கோட்டு போட்டுப் பெரிய மாளிகையில் குடியிருக்கும். அதில் நம் நிறத்தில் ஒருவன் வந்தால் தலைப்பாகை கட்டிக்கொண்டு விளக்குத் தூக்கி வருவான். இல்லையென்றால் நம் கோயில் சிலை மாதிரி ஒன்றைக் காட்டி, சாபமே அதனால்தான் என்பார்கள். மலாய்ப் படத்தில் நாம் வாசலில் உட்கார்ந்து தூங்குகிற ஜாகா. காவலுக்கு வைத்த ஆள்தான் பேயை முதலில் பார்ப்பான், முதலில் சாவான். தமிழ்ப் படத்திலோ கடைசியில் பேயே இருக்காது, சொத்துக்காக மாமன் போட்ட வேஷமாக இருக்கும். அதிலும் வருகிற தமிழர்கள் காரில் வந்து இறங்குகிறவர்கள். ரப்பர் கட்டிப்பால் நாற்றம் அடிக்கிற ஆள் ஒருவர்கூட வந்ததில்லை.

ஒரே ஒரு படத்தில் வந்தார்கள். அதில் என் அப்பா இருந்தார். என் அத்தையும் இருந்தார். அத்தைதான் பேய்.

கடைக்காரரிடம் அந்தப் படத்தின் கதையைச் சொல்லிக் கேட்டேன். "தெரியாதுலா தம்பி, அதெல்லாம் இப்ப யார் பாக்குறா?" என்றார். அதனால்தான் எழுதி வைக்கிறேன். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். இதை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

நாம் நாலாம் வகுப்பில் இருந்த வருஷம். ரப்பர் இலைகள் சிவந்து கொட்டுகிற காலம். காலால் தள்ளினால் சருகு முழங்கால்வரை வரும், ஞாபகம் இருக்கிறதா? பெரட்டுக் களத்தில் காலையில் ஆள் கணக்கு எடுத்து முடித்த பிறகு தோட்ட ஆபீசின் பெரிய கிராணி எல்லாரையும் நிறுத்தி, மேட்டிலுள்ள பழைய துரை பங்களாவில் படம் பிடிக்க வருகிறார்கள், யாரும் குறுக்கே போய்த் தொலையக்கூடாது என்றார். மறுநாள் இரண்டு லாரிகள் வந்தன. ஒன்றில் விளக்குகள், இன்னொன்றில் கட்டில், ஊஞ்சல் தொட்டில், நிலைக்கண்ணாடி, ஒரு முழுச் சவப்பெட்டி. சவப்பெட்டிக்குள் அவர்கள் சோற்றுப் பானைகளை வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

கதையை நமக்குச் சொன்னவர் லாரி டிரைவர். ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் ஓர் இந்திய ஆயா. அவளைக் கொன்று கிணற்றில் போட்டுவிடுகிறார்கள். அவள் பேயாகத் திரும்பி வந்து தொட்டிலை ஆட்டுகிறாள். அந்த பங்களாவில் உண்மையாகவே நம் சனத்துப் பெண்கள் பலர் ஆயாவாக இருந்தவர்கள்தான். யாரையும் யாரும் கொல்லவில்லை. எல்லாருக்கும் முட்டிவலி வந்தது, அவ்வளவுதான்.

ஆயா வேஷம் போட்ட நடிகை மலாய்க்காரப் பெண். நல்ல சிவப்பு. நம் நிறத்துக்குக் கொண்டுவர முகத்திலும் கையிலும் பழுப்பு மை பூசுவார்கள். வெயிலில் அது கழுத்து வழியாக வழிந்து ரவிக்கையை நனைக்கும். தலையில் பொய்முடி. அது காற்றில் அசையாமல் தேங்காய்நார் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் அத்தை அந்தப் பக்கம் வந்தார்.

அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்தவர். அப்பாவின் மர நிரைக்குப் பக்கத்து நிரையில் பால்வெட்டு. அன்றைக்குப் பால் சேர்த்துக்கொண்டு திரும்பி வருகிறார். தோளில் காண்டா கம்பு, இரண்டு முனையிலும் தளும்பத் தளும்ப வாளி. கொண்டை அவிழ்ந்து முடி முழங்கால் மடிப்புவரை தொங்குகிறது. கை இரண்டும் கம்பைப் பிடித்திருப்பதால் முடிய வழியில்லை. சருகின்மேல் அப்படியே வருகிறார். உடம்பு ஆடவில்லை, தோள் ஏறி இறங்கவில்லை. பால் சிந்தினால் அன்றைய உழைப்பு சிந்தியது மாதிரி என்பதால் நம் பெண்கள் எல்லாருக்கும் அந்த நடை உண்டு. நாம் அதைப் பார்த்துப் பார்த்து, நடை என்றே நினைத்ததில்லை. டைரக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

அதற்கு முன்னால் அவர்கள் ஒரு பலகைக்குச் சக்கரம் வைத்து, நடிகையை அதன்மேல் நிறுத்திக் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். பேய் மிதந்து போவது மாதிரி தெரிய வேண்டுமாம். வேரில் முட்டிப் பேய் குப்புற விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நாமெல்லாரும் கைதட்டினோம்.

சாயங்காலம் டைரக்டரின் ஆள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அத்தையின் பின்பக்கம் மட்டும் போதும், முகம் தெரியாது, நடந்தால் போதும் என்றார். கூடவே ஜாகா வேஷத்துக்கு மீசை வைத்த ஓர் இந்தியர் வேண்டும் என்று அப்பாவையும் பார்த்தார். அப்பா உடனே மீசையைத் தடவிக்கொண்டார்.

அம்மாதான் குறுக்கே நின்றார். "பூ வச்சிட்டுப் போயிருக்காங்க. கல்யாணம் பேசின பொண்ணுக்கு யாராச்சும் வெள்ளை கட்டுவாங்களா?"

பாடாங் மேஹாவில் ஒரு வீட்டில் அத்தைக்குப் பேசியிருந்தார்கள். நல்ல இடம். அறுவடை மாதிரி அந்த ஒன்றுக்காகத்தான் வீட்டில் எல்லாரும் காத்திருந்தோம். நம் வீடுகளில் வெள்ளைச் சேலை யாருக்கு என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

"முதுகுதான்லா காட்டுவாங்க" என்றார் அப்பா. "முதுகுல பேரா எழுதியிருக்கு?"

"நீங்க மீசையக் காட்டணும். அதுக்கு அவ முதுகு ஒரு சாக்கு."

"ஏ புள்ள, நீ என்ன சொல்ற?"

அத்தை வாளி கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமல் சொன்னார்: "நான் போறேன் அண்ணி. எத்தனை படம் பாத்தோம், ஒரு தடவ உள்ள போய் பாக்கறேனே."

மறுநாள் கம்பெனிக்காரர்கள் புது வெள்ளைச் சேலை ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். அம்மா அதைப் பிரித்து மடியில் போட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய், மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, முந்தானையின் மூலையில் ஒரு பொட்டு அழுத்தி வைத்தார்.

"பேய்க்கு மஞ்சளா?" என்று அப்பா சிரித்தார்.

"பேயோ நாயோ, புதுச் சேலைக்கு மஞ்சள் வைக்காம எங்க வீட்டுப் பொண்ணு கட்டமாட்டா."

படத்தில் அது நடுராத்திரி. நிஜத்தில் உச்சி வெயில். காமிராவின் வாயில் ஒரு நீலக் கண்ணாடியை மாட்டினார்கள், அப்படி எடுத்தால் பகல் நிலாவெளிச்சம் ஆகிவிடுமாம். பேய் மட்டும் இருட்டில் வரவேண்டும் என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அத்தை வெறுங்காலோடு சருகில் நடந்தார். டைரக்டர் "பெலான், பெலான்" என்று மெதுவாக நடக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாலைந்து தடவை நடந்ததும் அத்தை நின்று, தமிழும் மலாயும் கலந்து கேட்டார்: "வெறுங்கையோட எப்படி நடக்கறது? தோள்ல ஏதாச்சும் குடுங்க." கடைசியில் காண்டா கம்பு இருப்பதாக நினைத்துக்கொண்டு நடந்தார். அதுதான் படத்தில் வந்த நடை.

நடிகை குடைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி. அத்தையை "ஆடிக், ஆடிக்" என்று தங்கை முறை வைத்துக் கூப்பிட்டுச் சேலை கட்டச் சொல்லித் தரும்படி கேட்டார். அத்தை அவருக்குக் கட்டிவிட்டு, தன்னுடையதைப் போலவே முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். குழந்தை தூக்குகிற ஆயா எவளும் முந்தானையைத் தொங்கவிடமாட்டாள், குழந்தை பிடித்து இழுக்கும். டைரக்டர் இரண்டு பேருக்கும் கூடாது என்றார். தொங்க வேண்டும், காற்றில் பறக்க வேண்டும். செருகியதை அவரே வெளியே எடுத்துவிடச் சொன்னார். மஞ்சள் வைத்த மூலை வெளியே வந்ததை அப்போதே கவனித்திருக்க வேண்டியவர் அம்மா. ஆனால் அவர் வீட்டில் இருந்தார்.

அப்பாவின் முறை வந்தது. காக்கிச் சட்டை, கையில் அரிக்கேன் விளக்கு. பேய் வரும்போது அவர் கண்ணை உருட்டி "ஆயோயோ! ஹந்து!" என்று மலாயில் பேய் பேய் எனக் கத்தி விளக்கைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

அப்பா விளக்கைத் தூக்கிப் பிடித்து, நேராகப் பார்த்து, "சியாப்பா இத்து?" என்று யார் அங்கே என்பதைச் சுத்தமான மலாயில் கேட்டார்.

எல்லாரும் நிறுத்தினார்கள். டைரக்டர் வந்து விளக்கினார். அப்பாவும் அவருக்கு விளக்கினார். தினமும் விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு தனியாகக் காட்டுக்குள் போகிற ஆள் நான். பன்றி வந்திருக்கிறது, பாம்பு வந்திருக்கிறது. முதலில் விளக்கைத் தூக்கி யார் என்றுதான் கேட்பேன். விளக்கைப் போட்டுவிட்டு ஓடினால் திரும்பி வர வழி தெரியாதே.

டைரக்டர் அப்பாவின் தோளில் கைபோட்டுச் சிரித்தார். நீ ஓடவில்லை என்றால் படம் இங்கேயே முடிந்துவிடும், அப்புறம் மக்கள் எதற்குச் சிரிப்பார்கள் என்றார். அப்பா இரண்டு விநாடி விளக்கைப் பிடித்தபடியே நின்றார். பிறகு கண்ணை உருட்டினார், கத்தினார், ஓடினார். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு நம்மில் சிலர் அவரைப் பார்த்தால் "ஆயோயோ மாமா" என்று கூப்பிட்டோம். யார் என்று சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும்.

லாரிகள் போய்விட்டன. சேலையை அத்தையிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்பா லயத்து வீடுகளுக்கெல்லாம் போய், தங்கச்சி நடந்ததைப் பாடாங் மேஹாவில் யாரும் சொல்லவேண்டாம், நான் நடித்ததை வேண்டுமானால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நம் சனம் வாய் திறக்கவில்லை. சின்னச் சின்னதற்கெல்லாம் சண்டை போடுகிறவர்கள், அதை மட்டும் கட்டிக் காத்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

அடுத்த வருஷம் படம் குருண் தியேட்டருக்கு வந்தது. அப்பா செய்த காரியத்தைக் கேளுங்கள். பாடாங் மேஹா வீட்டாரையே படத்துக்கு அழைத்துவிட்டார்.

"உங்களுக்குப் புத்தி இருக்கா?" என்றார் அம்மா.

"சம்மந்தி வீட்டுக்குத் தெரியவேணாமா, மச்சான் படத்துல நடிச்சவன்னு? அவ முகந்தான் படத்துல தெரியாதே. பயப்படாத."

மாப்பிள்ளை வந்தார். அவருடைய அம்மாவும் வந்தார். மெலிந்த உடம்பு, வெற்று நெற்றி, வெள்ளைச் சேலை. புருஷன் இறந்தபோது மாப்பிள்ளை கைக்குழந்தையாம். மத்தியான ஆட்டம். வெளியே வாங்கின கச்சான் கடலைப் பொட்டலத்தை அந்த அம்மாள் எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தார். எனக்கு மட்டும் இன்னொரு கை அள்ளிப் போட்டார். நாங்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம்: அப்பா, மாப்பிள்ளை, அவர் அம்மா, என் அம்மா, அத்தை, நான்.

அப்பா வந்தார் திரையில். தியேட்டரே சிரித்தது. மலாய்க்காரர்கள், சீனர்கள், நம் ஆட்கள் எல்லாரும். மாப்பிள்ளையும் சிரித்தார். அப்பாவும் திரும்பித் திரும்பி எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். பிறகு திரையில் செத்துப்போனார்.

அப்புறம் அந்த நடை வந்தது. நீல நிலாவெளிச்சம். சிவந்து கிடந்த சருகு கறுப்பாகத் தெரிகிறது. முதுகு காட்டி ஒரு பெண் போய்க்கொண்டே இருக்கிறாள். முடி காற்றில் எழுகிறது. கால் தரையில் படவே இல்லை என்று யாரும் சத்தியம் செய்வார்கள். தியேட்டரில் மூச்சுச் சத்தம் இல்லை. எனக்கு அத்தையைத் தெரியும், ஆனாலும் பயந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தையின் கையையே பிடித்துக்கொண்டேன்.

முந்தானை பறந்து காமிராவுக்கு நேரே வந்து விரிந்தது. மூலையில் ஒரு பொட்டு. நீலக் கண்ணாடி அதை முழுக்க மறைக்கவில்லை.

"அடியே, நான் வச்ச மஞ்சள்!" என்றார் அம்மா.

வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சந்தோஷமாகச் சொன்னார், அதுதான் கொடுமை. கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைக் கண்டதுபோல.

மாப்பிள்ளையின் அம்மா திரும்பினார். "என்ன மஞ்சள் சம்மந்தி?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மாள் திரையைப் பார்த்தார். பிறகு அத்தையின் மடியில் கிடந்த பின்னலைப் பார்த்தார். பிறகு மறுபடி திரையை. திரையில் பேய் நின்றது, மெதுவாகத் திரும்பியது. திரும்பியபோது அது அத்தை இல்லை, மை பூசிய நடிகையின் முகம். தியேட்டர் முழுக்க அலறியது. எங்கள் வரிசையில் யாரும் அலறவில்லை.

படம் முடிந்து எழுத்துகள் ஓடின. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அப்பா மட்டும் என் தோளைப் பிடித்து, "பாருடா, என் பேரு வருதா பாரு" என்றார். நான் பெஞ்சுமேல் ஏறி நின்று படித்தேன். சமையல்காரர் பேர் வந்தது, லாரி டிரைவர் பேர்கூட வந்தது.

"வந்துச்சா?"

"இல்லப்பா."

"வேகமா போகுது, நீ விட்டிருப்ப" என்றார். நான் விடவில்லை.

பஸ் நிற்கிற இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்தார். குரலை உயர்த்தவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. இந்தச் சேலைய நான் கேட்டுக் கட்டல சம்மந்தி. உங்க பொண்ணு விளையாட்டுக்குக் கட்டியிருக்கா."

அடுத்த வாரம் சொந்தக்காரர் ஒருவர் மூலம் வேண்டாம் என்று செய்தி வந்தது.

அப்போது எங்கள் லயமே அவரைத் திட்டியது. சகுனம் பார்க்கிற கிழவி, வேஷத்துக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்றோம். நானும் அப்படித்தான் நினைத்தேன், ரொம்ப நாள். இப்போது நினைத்தால் அந்த வரிசைதான் கண்ணில் நிற்கிறது. திரையில் வெள்ளைச் சேலை கட்டின ஒருத்தி திரும்புகிறாள், தியேட்டரே அலறுகிறது. நடுவில் அதே மாதிரி வெள்ளைச் சேலை கட்டின ஒருத்தி, கையில் கச்சான் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிறார். எந்தப் பேய்ப் படத்துக்குப் போனாலும் அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும். அதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. ஜாகாவைப் பார்த்து எல்லாரும் சிரித்ததற்காக அப்பாவுக்காக வருத்தப்பட்ட நானும் யோசிக்கவில்லை.

பிறகு கேட்டு வந்த ஒன்றிரண்டு இடமும் செய்தி தெரிந்ததும் பின்வாங்கியது. "வெள்ளை கட்டின பொண்ணு" என்ற பேர் அத்தைக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். அம்மா மஞ்சள் டப்பாவைத் தொடும்போதெல்லாம் கண் கலங்கினார். அப்பா மீசையைச் சிறிதாக வெட்டிக்கொண்டார். அத்தை வேலைக்குப் போனார், வந்தார். முடியை மட்டும் துண்டுக்குள் சுருட்டிக் கட்ட ஆரம்பித்தார். ஒரு நாள் கத்தரியை எடுத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா ஓடிப்போய்ப் பிடுங்கினார். "முடி என்னடி செஞ்சுச்சு? மஞ்சள் வச்ச என் கைய வெட்டு." இருவரும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள்.

அந்தக் கத்தரியால் அத்தை வெட்டியது சேலையைத்தான். ஆயாக்கொட்டகையில் தூளித் துணி கிழிந்துபோயிருந்தது. தாய்மார் காட்டுக்குப் போயிருக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கொட்டகைக்குச் சேலையை இரண்டாக வெட்டிக் கொடுத்துவிட்டார். படத்தில் பேய் தொட்டில் ஆட்டுவதாகக் காட்டினார்கள். நம் தம்பி தங்கைகள் பேயின் சேலையிலேயே தூங்கினார்கள். பிறகு அது நைந்து கரித்துணி ஆயிற்று. இருந்தால் இன்றைக்கு நான் கேட்டு வாங்கியிருப்பேன்.

நாம் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம், சம்பளம் போட்ட ஞாயிறு. குருண் பசாரில் அம்மாவும் அத்தையும் நானும். அத்தை இரண்டு புது வாளி வாங்கி, அதற்குள் அரிசியும் நெத்திலியும் போட்டு, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் முன்னால் போனார். பின்னால் சைக்கிள் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்துகொண்டே இருந்தார். அம்மா இரண்டு தடவை முறைத்துப் பார்த்தார். கடைசியில் அவர் முன்னால் வந்து நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க. போன வருஷப் படத்துல பேயா நடந்தவங்க நீங்கதானே?"

"யாருயா நீ?" என்றார் அம்மா. பசாரே திரும்பிப் பார்க்கிற குரல்.

"தியேட்டர்ல படம் ஓட்டுறவன் அக்கா. அந்தப் படம் ஓடின நாளெல்லாம் மத்தியானமும் ராத்திரியும் பாத்தேன்."

அத்தை வாளிகளைக் கீழே வைத்தார். "முதுக வச்சேவா கண்டுபிடிச்சீங்க?"

"மத்தவங்க முகம் வர்றதுக்காகக் காத்திருப்பாங்க. எனக்கு முகம் வந்துட்டா படம் முடிஞ்ச மாதிரி. அது நீங்க இல்லேன்னு பாத்த உடனே தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நடந்தவங்களுக்குக் காலு காச்சுப் போயிருந்துச்சு. திரும்பினவங்களுக்கு நகத்துல பாலிஷ் இருந்துச்சு."

அத்தை சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அம்மா "நட, நட" என்று அவரை இழுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு அவர் சைக்கிள் மிதித்து எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார். கையில் ஒரு தீப்பெட்டி. திறந்தால் சுருட்டி வைத்த ஃபிலிம் துண்டு. அப்பா அதை வாசல் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். குட்டிக் குட்டிக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அதே முதுகு. முந்தானை மூலையில் குண்டூசி முனை அளவு மஞ்சள்.

"படம் அறுந்துபோச்சு அண்ணே. ஒட்டும்போது மிச்சம் விழுந்தது."

"என் சீன் அறுகலையா?"

"இல்லண்ணே."

"இது மட்டும் தானா அறுந்துச்சா?"

அவர் தரையைப் பார்த்தார். அம்மா தேத்தண்ணீர் போட உள்ளே போனார்.

தேத்தண்ணீர் வந்த பிறகு அப்பா கேட்டார். "எல்லா ஆட்டத்துலயும் சிரிச்சாங்களா, நான் ஓடுறப்போ?"

"சிரிச்சாங்கண்ணே." பிறகு தேத்தண்ணீரை ஊதிக்கொண்டே சொன்னார். "தஞ்சோங் டாவாய்ல வெட்டவெளியில திரை கட்டி ஓட்டினோம். அங்க ஒரு மீன்காரப் பெரியவர் மட்டும் சிரிக்கல. ஓடறதுக்கு முன்னாடி அந்த ஜாகா விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறான் பாரு, அவன் பயந்தாங்கொள்ளி இல்ல, நிஜமாவே எதையோ பாத்துட்டான்னு சொன்னார்."

அப்பா ஃபிலிமைப் பத்திரமாகத் தீப்பெட்டிக்குள் சுருட்டி வைத்தார். அன்றைக்கு மதியச் சாப்பாடு போட்டுத்தான் அவரை அனுப்பினார். அந்தத் தீப்பெட்டி பின்னால் வீடு மாறினபோது எங்கேயோ போய்விட்டது. யாரோ பற்றவைக்க எடுத்து, குச்சி இல்லை என்று எறிந்திருப்பார்கள்.

பெண் கேட்கிறேன் என்று அவர் சொல்வதற்கு இன்னும் சில ஞாயிறுகள் ஆயின. சொன்னபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னார். "நாங்க வேதக்காரங்க அண்ணே. மாதா கோயில்ல கல்யாணம். அவங்க சாமிய அவங்க கும்பிடலாம், சாமியார்கிட்ட கேட்டுட்டேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "உங்கள்ல முகூர்த்தச் சேலை என்ன கலரு?"

"வெள்ளைதான் அக்கா."

அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அடக்கிப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு. அத்தைதான்.

அப்பா முடிவு சொல்லப் பல நாள் எடுத்துக்கொண்டார். தோட்டத்துக் கோயில் ஆட்கள் வந்து பேசினார்கள், சொந்தக்காரர்கள் இனி வாசல் மிதிக்கமாட்டோம் என்றார்கள். ஒரு சாயங்காலம் கத்தி தீட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார். "வெள்ளை கட்டினான்னு வேணாம்னு போனாங்க. ஒருத்தர் வந்து வெள்ளை கட்டிக்கிட்டு வரச் சொல்றாரு. நான் இதுக்கு மேல என்ன யோசிக்கறது?"

கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா மஞ்சள் குழைத்தார். வெள்ளைப் பட்டு, மெல்லிய சரிகை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். அம்மா விரலை வைத்துக்கொண்டு தயங்கினார். அத்தையே முந்தானை மூலையை எடுத்து நீட்டினார். "வைங்க அண்ணி. போன தடவ சரியாத்தான் வச்சீங்க."

குருண் மாதா கோயிலில் நீளமான பெஞ்சுகள். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் எங்கள் லயத்துச் சனம் முன்னால் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தது. உங்களில் சிலரும் வந்திருந்தீர்கள். வாசலிலிருந்து அப்பா அத்தையை நடத்திக்கொண்டு வந்தார். அத்தை முடியைக் கொண்டை போடவில்லை, பின்னிப் பூ வைத்துத் தொங்கவிட்டிருந்தார். தோள் அசையாத நடை. எங்களைத் தாண்டிப் பீடத்தை நோக்கிப் போனபோது அதே வெள்ளை முதுகு, மூலையில் அதே மஞ்சள். கோயில் அமைதியாக இருந்தது. தியேட்டரில் இருந்த அதே அமைதி. பக்கத்தில் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து, படம் ஓட்டுகிற மாமா அத்தையின் கையைப் பிடித்தார். அத்தை நின்றார், மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினார்.

இந்தத் தடவை அது அத்தையின் முகமாகவே இருந்தது.